கீழே நிற்க ஓர் ஆள்

தூத்துக்குடி உப்பளத்து நடுவே மோட்டார் ஷெட்டுக்குக் காவல் இருந்தாள் சுடலைவடிவு. புருஷன் இறந்த பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை டிவி ஒன்றுதான். ஆடிக்காற்று டிஷ்ஷைத் திருப்பிவிட, அதுவும் வாயை மூடிக்கொண்டது.

டிஷ் கடை முக்காண்டிக்கு அந்த வெயிலில் அவ்வளவு தூரம் வர மனசில்லை. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, கூப்பிட வந்தவளிடம், "யக்கா, நான் மேல திருப்பயில படம் வருதான்னு சொல்ல, கீழ ஒரு ஆள் நிக்கணும். ஒங்க வீட்ல யாரு இருக்கா? ஆள் சேர்த்துட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்றான். சிலர் சிரித்தார்கள்.

அவள் நகரவில்லை. "மொதல்ல மாட்டுனப்ப நீங்க தனியாத்தான வந்தீய? நானும் எம் புருசனும் அளத்து வேலையில நின்னோம். அன்னைக்குக் கீழ நின்னது யாரு?"

"அதுக்குத்தான் சிக்னல் பாக்குற மீட்டர் இருக்குல்லா" என்று சொல்லிவிட்ட பிறகுதான் முக்காண்டிக்கு உறைத்தது. சிரிப்பு இப்போது அவன் பக்கம் திரும்பியது.

"அப்ப அந்த ஆளையே குடுங்க."

திரை வைத்த பெரிய மீட்டரை நீட்டினான். "உப்பு வெளிச்சத்துல இதுல என்ன தெரியும்? கத்துறதா ஒண்ணு குடுங்க" என்று சிக்னல் கிடைத்தால் சத்தம் போடும் சின்ன மீட்டரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கூரையில் ஏறி, டிஷ்ஷுக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை மாட்டி, டிஷ்ஷை மெள்ளத் திருப்பினாள். முனகிக்கொண்டிருந்த மீட்டர் ஓரிடத்தில் வீறிட்டது. அங்கேயே போல்ட்டை இறுக்கினாள்.

"வந்துருச்சா?" என்று, கூரையில் நின்று புருஷன் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டாள். கீழே நின்று பதில் சொல்கிறவள் எப்போதும் அவள்தான்.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சு" என்றாள்.