நிமிடத்திற்கு நாற்பது

“ஆக்சிஜன் நூற்றுக்கு நூறு காட்டுகிறது, மேடம். பிறகு எதற்காக என் கையிலிருந்து பையைப் பிடுங்கினீர்கள்?”

கேட்டவர் மருத்துவர் திருமேனி. இருபது ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிவிட்டுத் தலைக்காயப் பிரிவில் பயிற்சி பெற வந்தவர்.

பிடுங்கியவர் அப்பிரிவின் மயக்கவியல் மருத்துவர் தில்லையரசி. வயதில் அவருக்கு இளையவர்.

கட்டிலில், சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர் அந்தோணிசாமி நினைவின்றிக் கிடந்தார். தொண்டையில் குழாய், குழாயின் முனையில், கையால் அழுத்தும் மூச்சுப் பை.

கதவுக்கு வெளியே அவருடைய மனைவி. யார் வந்தாலும் அவளுக்கு ஒரே கேள்வி:

“பேசிருவாரா?”

தில்லையரசி பையைச் செவிலியர் லூர்துவிடம் கொடுத்தார். லூர்து ஒரு முறை அழுத்தினார். ஆறு விநாடி கழித்து மறுமுறை அழுத்தினார்.

“இவ்வளவு மெதுவாகவா!” என்று பதறினார் திருமேனி.

“நீங்க சைக்கிளுக்கு இல்ல சார் காத்தடிச்சீங்க!” என்றார் லூர்து.

தில்லையரசி சிரிக்கவில்லை.

“நிமிடத்திற்கு எத்தனை முறை அழுத்தினீர்கள், டாக்டர்?”

“நாற்பது இருக்கும். எங்கள் ஊரில் என் கைக்கு ஈடு கிடையாது.”

“அதே வேகத்தில் நீங்கள் மூச்சு விடுங்கள். ஆழமாக.”

“எதற்கு?”

“விட்டுத்தான் பாருங்களேன்.”

விட்டார்.

அரை நிமிடத்தில் உதடு மரத்தது. பிறகு விரல் நுனிகள் சுருசுருத்தன. விநாடி முள் ஒரு சுற்று முடிப்பதற்குள், கடிகாரம் சுவரோடு சேர்ந்து சாய்வதுபோல் இருந்தது. கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

தில்லையரசி ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை அவர் விரலில் மாட்டினார்.

“எவ்வளவு?”

“நூறு.”

“நூறு இருந்தும் ஏன் தலை சுற்றுகிறது?”

திருமேனி தம் விரலையே வியப்போடு பார்த்தார்.

“கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். சுருங்கினால், மூளைக்கு இரத்தம்...”

சொல்லிக்கொண்டே வந்த திருமேனி நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார்.

கதவு திறந்து மூடியது. இடையில் “பேசிருவாரா?” என்ற குரல் உள்ளே வந்து போயிற்று.

“உங்களுக்குக் கம்பி இருந்தது, பிடித்துக்கொண்டீர்கள்,” என்றார் தில்லையரசி. “அவர் எதைப் பிடித்துக்கொள்வார்?”

திருமேனி, லூர்துவிடம் கையை நீட்டிப் பையை வாங்கினார்.

ஒரு முறை அழுத்தினார்.

காத்திருந்தார்.