பின்பலகையில் ஒன்பது பேர்

இளம்பரிதி மன்னர் பட்டமேறிய ஏழாம் ஆண்டு ஐப்பசி மாதம், நெய்தலூர் ஆசிரியர் பயிற்சிச் சாலையில் ஒன்பது பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை அமைச்சர் பராங்குசர் கண்டுபிடித்தார்.

காரணம், மன்னர் கேட்டிருந்த பத்தாண்டுத் திட்டம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வேண்டும். அத்தனைக்கும் வாத்தியார்களை நெய்தலூரிலேயே பழக்கித் தர வேண்டும். செலவு மட்டும் ஏறக் கூடாது. முடியாத காரியம். பராங்குசர் முடியும் என்றார்; அதனால்தான் அவர் அமைச்சர்.

அவருடைய ஆட்கள் நாழிகை வட்டிலோடு வகுப்பு வகுப்பாக நுழைந்தார்கள். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று அளந்தார்கள். தாட்சண்யம் வந்துவிடக் கூடாதென்று பெயரைக் குறிக்காமல், உட்கார்ந்த இடத்தை மட்டும் குறித்தார்கள். கடைசியில் விதி பிறந்தது: பிறர் வேலை செய்யும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பவர் உபரி.

சாலையின் தலைவி வடிவம்மை அன்று மாலையே விகடன் மருதப்பன் வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, அந்த ஒன்பது பேரும்தான் எங்கள் சாலை. புதிதாகப் பழகுகிறவன் முன்னால் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவான். அனுபவப்பட்ட ஆசிரியர் ஒருவர் பின்பலகையில் உட்கார்ந்து பார்ப்பார். அவன் தப்பாகச் சொன்னாலும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் போன பிறகுதான் எங்கே பிசகினான் என்று சொல்வார்."

"நடுவில் சொன்னால் என்ன?"

"மறுநாளிலிருந்து அவன் பிள்ளைகளைப் பார்த்துப் பேச மாட்டான். பின்பலகையைப் பார்த்தே பேசுவான்."

"இதை அமைச்சரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஓலையில் முத்திரை விழுகிறது. ஒன்பது குடும்பம், ஐயா."

மருதப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. சபையில் ஓயாமல் பேசுவதுதான் அவன் உத்தியோகம். பராங்குசரின் அளவுப்படி நாட்டிலேயே அவன் வேலைதான் பத்திரம். அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஆனால் பெயரைக் குறிப்பதில்லை என்று அவள் போகிற போக்கில் சொன்னபோது, அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தலைவி அவன் வீட்டுக்கு வந்துபோன சேதி எட்டியிருக்க, மறுநாள் சபையில் மன்னர் கேட்டார்: "என்ன மருதப்பா, திட்டத்தில் குறை கண்டுபிடித்துவிட்டாயாமே?"

"குறையா? எனக்கு மலைப்பாக இருக்கிறது, மன்னா. இவ்வளவு நல்ல அளவைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிடுகிறார்களே என்றுதான் வருத்தம். அரண்மனையிலும் ஒருநாள் அளந்து பார்க்கலாமே."

மன்னர் அடுப்பங்கரை ஆட்களையும் வாசற்காவலரையும் மனதில் நினைத்துக்கொண்டார். "நல்ல யோசனை" என்றார்.

பராங்குசருக்கு உச்சி குளிர்ந்தது. "விகடனுக்கும் இன்று புத்தி வந்திருக்கிறது" என்றார்.

"தங்களோடு பழகுவதால் இருக்கும்" என்றான் மருதப்பன். "அதே ஆட்கள், அதே வட்டில். பெயர் வேண்டாம். முதலில் இந்தச் சபையிலேயே தொடங்கட்டும். நமக்கு மட்டும் சலுகை இருக்கக் கூடாது பாருங்கள்."

வியாழக்கிழமை பொழுதெல்லாம் சபை நடந்தது. கால்வாய்த் தகராறு, உப்பு வரி, எல்லைச் சண்டை. வட்டில்காரர்கள் தூணோரம் நின்று அளந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது பேரை நீக்கும் ஓலை முத்திரைக்குக் காத்திருக்க, வட்டில்காரர்களில் மூத்தவர் எழுந்து வாசித்தார்.

"அதிகம் பேசியவர், வலப்பக்கம் முதல் இருக்கை."

பராங்குசர் மீசையைத் தடவினார். அது அவர் இருக்கை.

"பேசாமல் உட்கார்ந்திருந்தவர்..." வாசித்தவர் அங்கே நின்றார்.

"ஏன் மென்று விழுங்குகிறாய்? சபையில் உபரி எத்தனை பேர்?" என்றார் மன்னர்.

"ஒருவர்தான், மகாராஜா."

"யார்?"

"பெயர் எழுதவில்லை. அமைச்சர் உத்தரவு. மேற்குக் கோடியில், மூன்று படிக்கு மேல், சிங்கக்கால் போட்ட இருக்கை. தலையில் கனமாக ஏதோ அணிந்திருந்தார். காலையில் 'ஆகட்டும்' என்று ஒருமுறை சொன்னார். பிறகு கொட்டாவி விட்டார்."

மருதப்பன் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

மன்னரின் முகம் சிவந்தது. "சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? இவர்கள் பேசுவதில் எது சரி, எது பிசகு என்று கவனித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நான் வாய் திறந்தால், அப்புறம் ஒருவனும் விஷயத்தைப் பேச மாட்டான். என் முகத்தைப் பார்த்தே பேசுவான். எல்லாரும் போன பிறகுதானே ஒவ்வொருவனையும் தனியே கூப்பிட்டுச் சொல்கிறேன். இது வேலை இல்லையா?"

மருதப்பன் சபை நடப்பை எழுதும் ஓலைக்காரரைப் பார்த்துத் திரும்பினான். "மன்னர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும், ஐயா. நெய்தலூரில் அந்த ஒன்பது பேருக்கும் அதுதான் வேலை."

மன்னர் சிரிக்கத் தொடங்கினார். முத்திரைக்கு வந்த ஓலை திரும்பிப் போயிற்று.

"பராங்குசரே, நீர் எப்போதாவது அந்தப் பின்பலகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீரா?"

"எனக்கு எங்கே நேரம், மகாராஜா? திட்டம் தீட்டவே..."

"நேரம் தருகிறேன். பேசாமல் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. மருதப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"வட்டில்காரர்களை அனுப்பிவிடுங்கள், மன்னா. நான் பேசுவதில் எவ்வளவு பயனுண்டு என்று அளக்கத் தொடங்கிவிட்டால் வம்பு."

எட்டாம் ஆண்டு தை மாதம், பத்தாண்டுத் திட்டம் அதற்குள்ளாகவே நிறைவேறிவிட்டதாக நாடெங்கும் முரசறைந்தார்கள். அன்று நெய்தலூர் பயிற்சிச் சாலையின் பின்பலகையில் பத்துப் பேர் இருந்தார்கள்.