நாற்பத்தொரு மஸ்ட்

ராஜபுஷ்பத்துக்கு ஐம்பத்தொரு வயது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸ். அங்கே வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் அசாம், வங்காளம், ஒடிசா என்று தூரத்திலிருந்து வருபவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நர்ஸுகளுக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவில் இருந்தது ஆங்கிலம், அதுவும் இரண்டு பக்கமும் அரைகுறை.

அதனால் நர்ஸுகளுக்கு ஒரு ஆங்கில வகுப்பு வைத்தார்கள். காலை டியூட்டி முடிந்ததும் இரண்டரை மணிக்கு, பழைய விரிப்புகள் அடுக்கியிருந்த ஓர் அறையில். பாடம் சொல்ல வந்தவள் ஆஃப்ரின், இருபத்தொன்பது வயது. முதல் நாள் அவளைப் பயிற்சி நர்ஸ் என்று நினைத்து, ஒரு தள்ளுவண்டியை ஓரமாக விடச் சொன்னார் ராஜபுஷ்பம். ஆஃப்ரின் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்து பாடத்தை ஆரம்பித்தாள்.

இரண்டாவது வாரம் ராஜபுஷ்பம் கேட்டார்.

"டீச்சர், தமிழ்ல 'லாம்' ஒண்ணு போதும். நீங்க போகலாம், மழை வரலாம், வாங்க சாப்பிடலாம். எல்லாத்துக்கும் அதேதான். இங்கிலீஷ்காரங்களுக்கு எதுக்கு கேன், மே, மைட்னு இத்தனை?"

"அப்போ 'ணும்'?" என்றாள் ஆஃப்ரின்.

"அதுவும் அப்படித்தான். மருந்து சாப்பிடணும், ஊருக்குப் போகணும், கடவுள் காப்பாத்தணும். ஒரே 'ணும்'. இங்க பாத்தா மஸ்ட், ஷுட், ஹேவ் டு. எதை எங்க போடறது? ஒரு விதி சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

ஆஃப்ரின் விதி சொல்லவில்லை.

"நாளைக்கு வார்டுல எத்தனை தடவை மஸ்ட் சொல்றீங்கன்னு எண்ணிட்டு வாங்க சிஸ்டர்."

மறுநாள் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் கோடு கோடாகப் போட்டு எடுத்து வந்தார் ராஜபுஷ்பம்.

"நாப்பத்தொண்ணு."

"யார்கிட்ட?"

"பேஷண்ட்கிட்ட. அவங்க கூட இருக்கறவங்ககிட்ட."

"டாக்டர்கிட்ட?"

"அவர்கிட்ட எப்படி டீச்சர்!"

"அவர் உங்ககிட்ட எத்தனை சொன்னார்?"

ராஜபுஷ்பம் யோசித்தார். "ஒண்ணுகூட இல்ல. அவர் 'குட் யூ'ன்னு ஆரம்பிப்பார். நான் ஓடுவேன்."

"'குட் யூ'ன்னா முடியுமான்னுதானே கேக்கறார்? என்னைக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"முப்பது வருஷத்துல இல்ல."

ராஜபுஷ்பம் அட்டையில் இருந்த கோடுகளை மறுபடி எண்ணினார். சின்னச் சின்ன வார்த்தைகள். இத்தனை நாள் அவற்றைச் சோற்றில் உப்புப் போல அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதன் பிறகு அவர் எல்லோருடைய வாயையும் கவனிக்க ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர் என்ன சொல்கிறார், லிஃப்டில் என்ன எழுதியிருக்கிறது, அறிவிப்பில் 'மே' வருகிறதா, 'மஸ்ட்' வருகிறதா.

ஆனால் கவனிப்பது வேறு, பழக்கம் வேறு.

அந்த மாதம் அசாமில் தேஜ்பூரிலிருந்து ஹேமேன் காகதி என்பவர் வந்தார். பிரம்மபுத்திராவில் பயணிகள் படகு ஓட்டுபவர். இதய வால்வு மாற்றினார்கள். மூன்றாவது நாளாகியும் செயற்கைச் சுவாசக் குழாயை எடுக்க முடியவில்லை. அவர் மனைவி நிரோதா, பள்ளி நூலகம் ஒன்றில் உதவியாளர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த இரும்பு நாற்காலியை விட்டு அவர் மூன்று நாளாக நகரவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் போன ராஜபுஷ்பத்துக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"யூ மஸ்ட் கோ," என்றார். "கோ. யூ மஸ்ட் கோ."

நிரோதா நிமிர்ந்து பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நல்லவேளை, கொஞ்சம் தூங்குவார் என்று நினைத்துக்கொண்டார் ராஜபுஷ்பம்.

ஒரு மணிக்கு ஹேமேன் தானாக மூச்சுவிட ஆரம்பித்தார். குழாயை எடுத்தார்கள். கண் திறந்ததும் அவர் கேட்டது மனைவியைத்தான். நிரோதாவின் போன் அணைந்திருந்தது. வாசலில் அவர் இல்லை. கேன்டீனில் இல்லை. ஹேமேன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது.

அன்று ராஜபுஷ்பம் வகுப்புக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடு பின்தெருவில் இறங்கி, ஒவ்வொரு லாட்ஜாக ஏறி விசாரித்தார். நான்காவது லாட்ஜில், மாடி அறையில் நிரோதா இருந்தார். கட்டிலில் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. ஹேமேனின் ஒரு சட்டை மட்டும் மடியில்.

ராஜபுஷ்பத்தைப் பார்த்ததும் அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"பாடி?"

ராஜபுஷ்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார்.

"நோ, நோ! நோ பாடி! அலைவ். ஹீ ஆஸ்க் யூ. கம், கம்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். படியில் இறங்கும்போது நிரோதா மூச்சு வாங்க ஏதோ சொன்னார். பாதி அசாமியம், பாதி ஆங்கிலம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தால்தான் போ என்பார்கள், நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள் என்றார்.

மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் போன பிறகு ராஜபுஷ்பம் எழுந்திருக்கவில்லை.

"நாலு மணி நேரம் டீச்சர். புருஷன் செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டு நாலு மணி நேரம் அந்த ரூம்ல உக்காந்திருக்காங்க. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்ன சொல்ல நினைச்சீங்க? தமிழ்ல சொல்லுங்க."

"கொஞ்சம் போய்ப் படுத்துட்டு வாங்களேன்னு."

ஆஃப்ரின் எழுந்து கதவைத் திறந்தாள். ராஜபுஷ்பத்தை வாசலுக்கு நேராக நிறுத்தினாள். பின்னால் போய் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"யூ மஸ்ட் கோ."

மெல்லத்தான் தள்ளினாள். ராஜபுஷ்பம் வராந்தாவில் நின்றார்.

"உள்ள வாங்க சிஸ்டர்."

இந்த முறை ஆஃப்ரின் கதவருகே நிற்கவில்லை. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "யூ மே கோ," என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்த ஆரம்பித்தாள்.

ராஜபுஷ்பம் நின்ற இடத்திலேயே நின்றார். கதவு திறந்திருந்தது. தடுக்க யாரும் இல்லை.

"போகலாம்தான்," என்றார் கடைசியில். "ஆனா போகத் தோணல. நான் போனாலும் போகலேன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. இதுவும் நான் சொல்ல நினைச்சது இல்ல டீச்சர். 'வாங்களேன்'ல ஒரு 'ஏன்' இருக்குல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை?"

"எனக்குத் தெரியல," என்றாள் ஆஃப்ரின். நிஜமாகவே யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அவங்க போய்ப் படுத்திருந்தா, அந்த நேரத்துல நீங்க எங்க இருந்திருப்பீங்க?"

"அந்த நாற்காலிக்குப் பக்கத்துலதான். ஒரு கண்ணு வாசல்ல வச்சிருப்பேன். ஏதாவதுன்னா போன் பண்ணியிருப்பேன்."

"அதைச் சொன்னீங்களா?"

"அதை எப்படி...?" ராஜபுஷ்பம் நிறுத்தினார். வார்த்தைகளைத் தேடினார். "ஐ வில் வாட்ச். ஐ வில் கால் யூ."

"அப்புறம்?"

"யூ ஸ்லீப்."

ஆஃப்ரின் நோட்டை மூடினாள். "இதுல திருத்த எதுவும் இல்ல."

ஐந்து நாள் கழித்து ஹேமேனுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு. மறுபடி அந்த இரும்பு நாற்காலி. நிரோதா ராஜபுஷ்பத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சிஸ்டர், ஹீ வில் லிவ்?"

'மஸ்ட்' நாக்கு நுனிக்கு வந்தது. பிழைச்சே ஆகணும் என்று மனசு சொன்னது. 'வில்' என்று சொன்னால் அந்த முகம் மலரும். 'கேன்' என்றால் ஏதோ அவர் கெட்டிக்காரத்தனத்தில் இருப்பது போல ஆகிவிடும். ராஜபுஷ்பம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார். இவ்வளவு மெதுவாக அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"ஹீ மைட்," என்றார். "ஐ டோன்ட் நோ. ஐ வில் டெல் யூ எவ்ரிதிங்."

நிரோதா அழவில்லை. தலையை ஆட்டினார். பிறகு அந்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணி நேரம் தூங்கினார். ராஜபுஷ்பம் சொன்னபடியே ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் கொண்டுவந்து சொன்னார், நல்லதையும் கெட்டதையும்.

காய்ச்சல் பதினோராவது நாள் இறங்கியது. இன்னும் இரண்டு வாரம் கழித்து ஹேமேன் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். இளைத்துப் போய், சட்டை தொளதொளவென்று இருந்தது. ஆட்டோவில் ஏறுமுன் நிரோதா திரும்பி வந்து ராஜபுஷ்பத்தின் இரண்டு தோளையும் பற்றிக்கொண்டார்.

அன்று வகுப்புக்கு ராஜபுஷ்பம்தான் முதல் ஆளாக வந்தார். உட்காரவும் இல்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம். அவங்க என்கிட்ட மஸ்ட் சொல்லிட்டுப் போறாங்க. 'யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்'னு. தேஜ்பூருக்கு! ரெண்டு தடவை சொன்னாங்க. தோளைப் பிடிச்சு உலுக்கிச் சொன்னாங்க."

"தள்ளற மாதிரி இருந்துதா?"

"இல்ல. இழுக்கற மாதிரி இருந்துது. அதே வார்த்தைதானே டீச்சர்? இப்படியும் சொல்லலாமா? இலக்கணப்படி சரியா?"

"சரிதான். ரொம்பப் பிரியமானவங்களை அப்படியும் கூப்பிடுவாங்க."

"அப்போ அது கட்டளை இல்லையே? போகலேன்னா தப்பு இல்லையே? ரெண்டு நாள் ரயில்ல போகணும். லீவு கிடைக்கணும். நான் ஆந்திராவைத் தாண்டினதே இல்ல."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? 'ஐ வில்'னு சொல்லிட்டேன்."

ஆஃப்ரின் புத்தகத்தைத் திறந்து அன்றைய பக்கத்தைத் தேடினாள்.

"அப்போ போய்த்தான் ஆகணும் சிஸ்டர்."