சுட்டி சொன்ன இரண்டு பொய்கள்

அந்தக் காலத்தில், நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, நாயின் வாயை யாராலும் மூட முடியாது. பார்த்தது, மோந்தது, கனவில் கண்டது என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும். அதிலும் மலையடி ஊர் ஒன்றில் சுட்டி என்று ஒரு நாய் இருந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி, வாயில் ஓயாத பேச்சு. அது தூங்கினால்தான் ஊருக்கு நிம்மதி.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஊரார் நாய்களையும் கூட்டிக்கொண்டு காட்டு ஏரிக்கு நடப்பார்கள். அதன் கரையில் வளரும் கோரையை அறுத்து வந்துதான் கூரை வேய வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஏரியில் கால் நனைத்தவருக்குத்தான் பங்கு. இன்னொரு வழக்கமும் இருந்தது. காட்டு வழியில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, குரல் கொடுத்துக் கூப்பிடவும் கூடாது. அப்படிச் செய்தால் பின்னால் வருகிற ஆளைக் காடு தனக்கென்று வைத்துக்கொள்ளும் என்று பயம். நாய்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ஏரியில் யார் முதலில் குதிப்பது என்பதிலேயே குறியாக இருந்த நாய்களுக்குத் திரும்பிப் பார்க்க ஏது நேரம்?

அந்த ஆண்டு சடைச்சி என்பவளும் கிளம்பினாள். காற்று அவள் குடிசையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் நடந்தாள். சுட்டிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதன் அளப்புக்குச் சலிக்காமல் "உம்" கொட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

அன்றும் சுட்டி ஒரு கீரிப்பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடியது. கதை சூடு பிடிக்கிற இடத்தில் பின்னாலிருந்து "உம்" வரவில்லை. திரும்பிப் பார்த்தது. ஆளைக் காணோம். வந்த வழியே வெகுதூரம் ஓடியது. சடைச்சி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். குதிகாலில் முள் தைத்து உள்ளேயே ஒடிந்திருந்தது.

"நீ போ சுட்டி. என்னால முடியாது."

"கூரை இல்லாம மழைக்கு என்ன பண்ணுவீங்கக்கா?"

"புள்ளைய மடியில போட்டுக்கிட்டு அதுமேல குனிஞ்சுக்குவேன். நனைஞ்சா என் முதுகுதானே."

சுட்டி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக முன்னால் நடந்த வெள்ளையனிடம் போய் நின்றது. அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டி.

"அண்ணே, சடைச்சியக்கா பின்தங்கிட்டாங்க. கொஞ்சம் நில்லுங்க."

"எவ்வளவு தூரத்துல வரா? பக்கத்துலன்னா நிக்கலாம். ரொம்பத் தூரம்னா எப்படி? எல்லாருக்குமே பங்கு போயிடும்."

அந்த ஏரிக்கு ஒரு குணம் உண்டு. வழியில் பொய் சொன்ன வாய் அதன் தண்ணீரைக் குடித்தால், பேச்சு அடைத்துப்போகும். ஊரில் பிறந்த குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் இது தெரியும். சுட்டிக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னது.

"பக்கந்தாண்ணே. அந்தத் திருப்பத்துல வராங்க. பாட்டு வேற பாடிட்டு வராங்க."

வெள்ளையன் ஒரு மரத்தடியில் நின்றார். சுட்டி மறுபடி பாறைக்கு ஓடியது.

"எந்திரிங்கக்கா. எல்லாரும் உக்காந்திட்டாங்க. நீங்க வராம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"உக்காந்திட்டு எப்படிடா ஒத்தக் கால்ல நிப்பாங்க?" என்று கேட்டாள் சடைச்சி. அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்காகவா நிற்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பு கொடுத்தது. ஒரு கழியை ஊன்றி எழுந்தாள்.

அதன்பிறகு சுட்டிக்கு ஓட்டம்தான். அங்கே போய் "இதோ வந்திட்டாங்க" என்னும். இங்கே வந்து "இதோ காத்திருக்காங்க" என்னும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தூரம் குறைந்தது, பொய்யும் குறைந்தது. கடைசியில் திருப்பத்தில் நிஜமாகவே சடைச்சி வந்தாள், மரத்தடியில் நிஜமாகவே எல்லாரும் காத்திருந்தார்கள். இருவர் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டார்கள். வெயில் மரத்து நுனியில் நின்றபோது அவள் கால் ஏரியில் நனைந்தது.

"எனக்காக இவ்வளவு நேரம் நின்னீங்களே" என்று வெள்ளையனைக் கும்பிட்டாள்.

"தூரம்னு தெரிஞ்சிருந்தா நின்னிருக்க மாட்டோம். நீ பக்கத்துல வர்றேன்னு சுட்டி சொல்லிச்சு."

சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுட்டி, குடிக்காத!" என்று நொண்டிக்கொண்டே ஓடினாள். ஆனால் நாளெல்லாம் ஓடிய நாய்க்கு அந்தக் காட்டில் வேறு தண்ணீர் ஏது? நாக்கு தொங்க, வயிறு நிறைய, நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. உண்மையாகிவிட்ட பொய்க்கு ஏரியிடம் தனிச் சலுகை கிடையாது. நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. ஒரு குரைப்புதான் வந்தது. சடைச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அதுவோ வாலை ஆட்டியது.

மறுநாள் அவரவர் பங்குக் கோரையோடு திரும்பினார்கள். சடைச்சி தலையில் ஒரு குடிசைக்கான கோரை இருந்தது. சுமையோடு நொண்டி நொண்டிக் கடைசியில்தான் வந்தாள். முன்னால் ஓடிய சுட்டி திடீரென்று நின்று திரும்பிப் பார்த்தது. எவ்வளவு தூரம் என்று வெள்ளையன் கேட்கவில்லை. நாய் நின்றது, அவரும் நின்றார். கூட்டமே நின்றது.

இன்றைய நாய்களெல்லாம் சுட்டியின் வழி வந்தவை, அவற்றுக்கும் குரைப்புதான் வாய்த்தது. அன்று முதல்தான் நாய், நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஓடினாலும், நின்று, கடைசி ஆள் கண்ணில் படும்வரை திரும்பிப் பார்க்கிறது. பேச்சுப் போன பிறகும் அதே பொய்யைத்தான் அது சொல்கிறது: எந்திரிங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க.