ஏழு ஊர்களுக்கு எத்தனை சாலை

கணக்கில் புலி என்று பேர் எடுத்தவர்களும் இந்தக் கதைக்கு விடை சொல்லலாம். பெருக்கல் வாய்ப்பாட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களும் சொல்லலாம். இரண்டு பேருக்கும் இதில் ஒரே அளவு கஷ்டம்தான்.

தென்காசிப் பக்கம் ஒரு கணித மன்றம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டித் தேர்வு வைத்து, முதலில் வருகிற பிள்ளையைச் சென்னைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும். முகாமில் தேறினால் நாட்டின் சார்பாக வெளிநாட்டுப் போட்டிக்கே போகலாம். கணக்கும் கணினியும் படிக்கப் பெரிய கல்லூரிகளின் கதவு தானாகத் திறக்கும். ஆனால் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம்.

மன்றப் பொறுப்பாளர் தங்கப்பழம், மேல்நிலைப் பள்ளிக் கணக்காசிரியர். வினாத்தாள் வெளியே கசிந்துவிடும் என்று அவருக்கு அப்படி ஒரு பயம். தானே கேள்வி எழுதி, தானே கணினியில் அடித்து, தானே நகலெடுப்பார். சரிபார்க்கக்கூட இன்னொருவர் கண்ணில் காட்ட மாட்டார்.

அந்த ஆண்டு மொத்தம் ஆறு கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். ஐந்தாம் கேள்வி இது: ‘ஏழு ஊர்கள் உள்ளன. ஒவ்வோர் ஊரிலிருந்தும் சரியாக மூன்று ஊர்களுக்கு நேர்ச்சாலை உண்டு. மொத்தம் எத்தனை சாலைகள்?’ அவர் மனதில் இருந்தது எட்டு ஊர், விடை பன்னிரண்டு. விரல் அடித்தது ஏழு. ஏழு மூன்று இருபத்தொன்று. ஒரு சாலைக்கு இரண்டு முனை என்பதால் அதைப் பாதியாக்க வேண்டும். பாதியாக்கினால் பத்தரைச் சாலை வருகிறது!

விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான் தங்கப்பழத்துக்கே அது தெரிந்தது. முதல் நான்கு கேள்விகளையும் சரியாகச் செய்தவர்கள் மூன்றே பேர். ஐந்தாவதில் அந்த மூவரும் மூன்று வழியாகப் போயிருந்தார்கள்.

முப்புடாதி புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து, தாள் கிழிகிற அளவுக்கு அரைமணி நேரம் போராடியிருந்தாள். கடைசியில், ‘பாதிச் சாலை என்று ஒன்று இருக்க முடியாது. ஆகவே இப்படி ஏழு ஊர்கள் இருக்கவே முடியாது’ என்று காரணத்தோடு எழுதியிருந்தாள். ஆறாம் கேள்வியைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஜாபர் ஏழு என்பதை அடித்துவிட்டு எட்டு என்று திருத்தி, பன்னிரண்டு என்று விடை போட்டிருந்தான். ஆறாவதைத் தப்பாகச் செய்திருந்தான்.

கிருபாகரன் ‘5’ என்று கேள்வி எண்ணை மட்டும் போட்டு, கீழே இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, ஆறாவதை முழுக்கச் சரியாகச் செய்திருந்தான்.

மூவருக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டால் எழுத முடியாது. தங்கப்பழம் மூவரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்.

“ஐந்தாவதில் ஒரு அச்சுப்பிழை” என்றார். பிள்ளை தப்பாக எழுதினால் மதிப்பெண் போகிறது. தாள் போடுகிறவர் தப்பாக எழுதினால் அதற்கு இப்படி ஒரு மரியாதையான பேர். “நீங்க எழுதினதுக்குக் காரணம் சொல்லுங்க.”

“எங்க டியூஷன்ல சொல்லிக் குடுத்தது சார்” என்றான் கிருபாகரன். “தெரியலைன்னாலும் நம்பரைப் போட்டு வை, கேள்வி தப்பா இருந்தா மார்க் வரும்னு.”

“நம்பருக்கு மார்க்குன்னா எனக்கும் குடுங்க சார், நான் ரோல் நம்பர்லாம் அழகா போட்டிருக்கேன்” என்றான் ஜாபர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “பாதிச் சாலை வந்துச்சு. நீங்க அப்படிக் கேக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. அதான் எட்டுன்னு வச்சுக்கிட்டேன்.”

“தாள்ல ஏழுன்னுதான சார் இருந்துச்சு?” என்றாள் முப்புடாதி. “நானா ஒரு கேள்வியை உண்டாக்கி அதுக்கு எப்படிப் பதில் எழுத?”

“சரி, ஆறாவதை உங்க ரெண்டு பேர்ல யார் போட்டீங்க? அதைச் சொல்லுங்க” என்றான் கிருபாகரன்.

“அந்த அரைமணி இருந்திருந்தா நானும் போட்டிருப்பேன்லா.”

“உன்னை யாரு அதுலயே உக்காரச் சொன்னா?”

“கேள்வின்னு குடுத்தாங்க. உக்காந்தேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கப்பழம் மூன்று தாள்களையும் மேசையில் பரப்பினார். தவறான கேள்விக்கு எண் போட்டவர்களுக்கெல்லாம் மதிப்பெண் கொடுப்பது நம் பரீட்சைகளில் பழகிப்போன வழி. அப்படிக் கொடுத்தால் கிருபாகரன் முதல். அவர் முன்பே எழுதிவைத்த விடைக்குறிப்பின்படி போட்டால் ஜாபரும் கிருபாகரனும் சமம். அச்சில் இருந்த கேள்விக்கு யார் பதில் எழுதினார்கள் என்று பார்த்தால் முப்புடாதியும் கிருபாகரனும் சமம். சென்னைக்குப் போன் செய்து கேட்டார். “உங்க மாவட்டம், நீங்களே முடிவு பண்ணி சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரை அனுப்புங்க” என்று கைகழுவிவிட்டார்கள்.

இந்த மூவரில் யார் செய்தது சரி? தங்கப்பழம் யாரை அனுப்ப வேண்டும்? கீழே பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

விடை: ஜாபர் கெட்டிக்காரன், நல்ல மனசுக்காரனும்கூட, ஆனால் அவன் பதில் சொன்னது தாளில் இல்லாத கேள்விக்கு. கிருபாகரன் போட்ட எண் பதிலே அல்ல. ஆனால் ஆறாவது அவன் சொந்த உழைப்பு, அதை யாரும் பறிக்கக் கூடாது. ஐந்தாவதில் சரியாகச் செய்தவள் முப்புடாதி ஒருத்திதான். ஆக அவளும் கிருபாகரனும் சமம். நடுவில் நிற்பது அவளிடமிருந்து தாள் தின்ற அரைமணி. அதைக் கிருபாகரனின் இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதுவும் அநியாயம். தின்றவர் கொடுக்க வேண்டும். ஆறாவதைப் போலவே கடினமான புதுக் கணக்கு ஒன்றை அவளுக்குக் கொடுத்து அரைமணி உட்கார வைக்க வேண்டும். செய்துவிட்டால் அவள் போகட்டும், செய்யாவிட்டால் கிருபாகரன் போகட்டும். அந்தக் கணக்கைக் கொடுப்பதற்கு முன்னால் தங்கப்பழம் மூவர் முகத்தையும் பார்த்து, “தப்பு என்னுடையது” என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எந்தப் பெயரை அனுப்பினாலும் அவருக்கு மதிப்பெண் கிடையாது.