எதிர்க்கரையில் ஒரு சிவப்புக் கூடாரம்

ஆலடிக்குளம் என்ற ஊரில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. அங்கே நடக்கும் கோளாறுகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்த ஊர்ப் பரஞ்சோதிக்குக் கோடை விடுமுறையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வைத்திலிங்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று வருட வேலைக்காக அந்தமானுக்குப் புறப்படுகிறாராம். அதற்குள் வட்டேரிக் கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுச் சேர்ந்திருக்கலாம், வா என்று எழுதியிருந்தார்.

கடிதத்தில் குறிப்புகளும் இருந்தன. முதல் குறிப்பு: ‘கூடாரத்தை வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு எடுத்து வா.’ அதன்படி பரஞ்சோதி கூடத்தில் கூடாரத்தை அடித்தார். முளைகள் நன்றாக இறங்கின. சிமெண்டுத் தரைதான் பெயர்ந்து வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் காரில் கிளம்பினார்கள். பரஞ்சோதி, அவர் மனைவி செண்பகவல்லி, அவள் தம்பி ஏகாம்பரம். பரஞ்சோதியின் மடியில் ஒரு ஜாடி நெல்லிக்காய் ஊறுகாய். அதை வைத்திலிங்கத்தின் கையிலேயே கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

‘மூன்று ஏரிகளைத் தாண்டி நான்காவது ஏரி’ என்பது அடுத்த குறிப்பு. முதல் ஏரி வற்றிக் கிடந்தது. உள்ளே கிரிக்கெட் நடந்தது. அதை ஏரிக் கணக்கில் சேர்ப்பதா, மைதானக் கணக்கில் சேர்ப்பதா என்று அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஏகாம்பரம் இறங்கிப் போய்ப் பந்து பொறுக்குகிறவரிடம் கேட்டு வந்தான். ஆடி மாதம் வரை மைதானம் என்றாராம். அதனால் வட்டேரியை மூன்றாவது ஏரி என்று தாண்டிப் போய், வேறு ஏரி ஏதும் கிடைக்காமல், மதியம் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

கடைசிக் குறிப்பு: ‘எதிர்க்கரையில் சிவப்புக் கூடாரம் தெரிந்தால் அது நான்தான்.’

தெரிந்தது. அதன் முன்னால் ஒருவர் துண்டை வீசிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி அங்கேயே போய்விடலாம் என்றாள்.

“அங்கே போயிட்டா அது எதிர்க்கரையா இருக்குமா மாமா?” என்று ஏகாம்பரம் கேட்டான்.

பரஞ்சோதி யோசித்தார். “இருக்காது மாப்ளே. இதுதான் எதிர்க்கரை ஆயிடும். இங்கே சிவப்புக் கூடாரம் இல்லையே.”

எனவே இந்தக் கரையிலேயே தங்கள் நீலக் கூடாரத்தை அடித்துவிட்டு, நண்பரைப் பார்க்க நடந்தார்கள். ஆலடிக்குளத்துக்காரர்கள் நீர்நிலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். தண்ணீர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மீன்களுக்கே அங்கே அது தெரியும்.

ஒன்றரை மணி நேரம் நடந்து சிவப்புக் கூடாரத்தை அடைந்தார்கள். ஆளில்லை. ஒரு தூக்கில் புளியோதரை இருந்தது. சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே நீலக் கூடாரத்தின் முன்னால் வைத்திலிங்கமும் அவர் மனைவியும் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார்கள்.

வைத்திலிங்கமும் ஆலடிக்குளத்துக்காரர்தானே. அவரும் வலமாகத்தான் வந்திருந்தார்.

இவர்கள் ஏரியை வலமாகவே சுற்றித் திரும்பி வந்தபோது தங்கள் இட்லிப் பாத்திரம் காலி. எதிரே சிவப்புக் கூடாரத்தின் முன்னால் துண்டு வீசியது.

“ஒரே ஒரு தடவை இடமாப் போனா என்ன?” என்றாள் செண்பகவல்லி.

“இருபத்திரண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கப் போறேன். அபசகுனமாவா போறது?” என்றார் பரஞ்சோதி. ஊறுகாய் ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு பரிசல்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏறுங்கள், பத்து நிமிடத்தில் விடுகிறேன் என்றார். பரிசல் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று ஏகாம்பரம் விசாரித்தான். அது தன் இஷ்டத்துக்குச் சுற்றும் என்றார் அவர். மூவரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

பரிசல்காரர் பொறுமைசாலி. “சரி, நீங்க இங்கேயே உக்காருங்க. நான் போய் அவரை வரச் சொல்றேன்” என்று போனார். சொன்னபடியே வைத்திலிங்கத்தைக் கிளப்பியும் விட்டார்.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் வைத்திலிங்கம் கரையோரமாக வருவது தெரிந்தது. பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது.

“விருந்தாளி வரும்போது உக்காந்தே இருந்தா மரியாதையா மாமா?” என்றான் ஏகாம்பரம்.

மரியாதை இல்லைதான். ஆலடிக்குளத்தில் விருந்தாளியைப் பாதி வழி போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். பரஞ்சோதி ஜாடியை எடுத்துக்கொண்டு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு, நண்பரை எதிர்கொள்ளப் புறப்பட்டார். வலமாக.

பரிசல்காரர் நடு ஏரியில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

அவரவர் கூடாரத்துக்கு அவரவர் திரும்பியபோது மணி நான்கு. எதிர்க்கரையில் கார் கிளம்பும் புழுதி மட்டும் தெரிந்தது. ஊறுகாய் ஜாடி ஊருக்கே திரும்பியது.

பரஞ்சோதி ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு அந்தமானுக்கு எழுதினார்: ‘தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து நீ வரும்போது, அபசகுனமானாலும் சரி, உனக்காக நான் இடமாகச் சுற்றி வருகிறேன்.’

அந்தக் கடிதம் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதே வைத்திலிங்கத்தின் கடிதம் வந்து சேர்ந்தது. அதிலும் அதையேதான் எழுதியிருந்தார்.

“பாத்தியா செண்பகம்” என்றார் பரஞ்சோதி, ஒரு மாதத்துக்குப் பின் முதல் தடவையாகச் சிரித்து. “ரெண்டு பேருக்கும் ஒரே யோசனை. இனிமே தப்பவே தப்பாது.”