மூடி தனி, சோடா தனி

வாயை மூடினால் நிறைந்திருக்கும், திறந்தால் காலியாகிவிடும். அது என்ன?

சோடா பாட்டில் என்பீர்கள். ஜெபக்கனி அம்மாளின் சோடா ஆலையில் அந்த விடை செல்லாது.

அங்கே பாட்டிலை நகர்த்த ஒரு இயந்திரம், சோடா ஊற்ற ஒன்று, மூடி போட ஒன்று. மூன்றையும் ஆட்டிவைப்பது ஒரு கன்ட்ரோலர் பெட்டி. அதற்குப் புதிய புரோகிராம் எழுதியவர்கள் இசக்கி, லூர்து, பரமேசு என்ற மூன்று இன்ஜினீயர்கள். சாயங்காலம் கோயில் கொடை விழாவுக்குச் சோடா போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷ ஆர்டர் பக்கத்து ஊர் கம்பெனிக்கு.

வெளியூர் நிபுணர் ஒருவர் சொல்லியிருந்தார்: "புரோகிராமை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தனித்தனிப் பகுதியாக எழுதுங்கள். ஒரு பகுதியின் உள்விவகாரம் இன்னொன்றுக்குத் தெரியக் கூடாது."

மூவரும் ஆளுக்கு ஒரு இயந்திரத்தின் பகுதியை எடுத்துக்கொண்டு, முதல் காரியமாக மேசைகளுக்கு நடுவே தட்டி வைத்து மறைத்துக்கொண்டார்கள்.

புரோகிராம் ஓடியது. பெல்ட் யாருக்கும் காத்திராமல் ஓடியது. பாட்டில் கடந்துபோன பிறகு சோடா கொட்டியது. காலி பாட்டில்களின் தலையில் மூடி மட்டும் அழகாக உட்கார்ந்தது.

"ஏல லூர்து, தரையெல்லாம் சோடால்லா ஓடுது! பாட்டில் வந்துச்சான்னு பாக்கலையா?" என்றான் பரமேசு.

"அது இசக்கியோட உள்விவகாரம். நான் எப்படிக் கேப்பேன்?"

"கேட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றான் இசக்கி பெருமையாக.

"நீங்க பேசுறதே எனக்குக் கேக்கக் கூடாதுல்லா," என்று பரமேசு காதில் பஞ்சு வைத்துக்கொண்டான்.

ஜெபக்கனி அம்மாள் ஓடிவந்தாள். "பாவி மக்கா, நிறுத்துங்கல!" என்று சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பொத்தானின் விளக்கு அணைந்தது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"நிறுத்துற பகுதி நின்னுட்டும்மா," என்றான் லூர்து. "அது மத்ததுக்குத் தெரியக் கூடாதுல்லா."

அம்மாள் மெயின் சுவிட்சை இறக்கினாள். "இப்போ கொடைக்கு என்னத்தல அனுப்ப?"

தட்டிக்கு மேலே மூன்று தலைகள் எழுந்தன.

"எல்லாம் தயாராத்தான் இருக்கும்மா," என்றான் இசக்கி. "தனித்தனியா இருக்கு, அவ்வளவுதான்."

மூடிய காலி பாட்டில்கள் ஒரு வண்டியில் போயின. தொட்டியில் மிஞ்சிய சோடா, டிரம்மில், இன்னொரு வண்டியில் போனது. கொடைப் பந்தலில் இறங்கும்போது அதில் இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போயிருந்தது.

விழாத் தலைவர் ஒரு பாட்டிலைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பேத்தியைக் கூப்பிட்டார். அவள் முன்னால் காலி பாட்டிலையும், ஒரு தம்ளர் சோடாவையும், கழற்றிய மூடியையும் வைத்தார்.

"இதுல எம் பேத்தி எதை எடுக்காளோ, அடுத்த வருஷம் அதை மட்டும் அனுப்புங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டியோடு வந்திருந்த இன்ஜினீயர்கள் மூவரும் அக்கறையாகக் குறித்துக்கொள்ள நின்றார்கள்.

பாப்பா மூடியை எடுத்துக்கொண்டாள்.